தீவும் உலகும்
தனிநாயகம் அடிகளாரின் பணி பற்றி ஒரு மதிப்பீடு

பெரியோர் வாழ்க்கையை எழுதப் புகும்போது நம்மவர் இன்னும் மெய்க்கீர்த்தி மரபை விட்டபாடில்லை. சோழ மன்னர் காலத்துக் கல்வெட்டில் அரசன் வென்ற நாடுகள் வரிசையாக அடுக்கப்படும். இக்காலத்து வாழ்க்கைக் குறிப்பிலே பெரியவர் பெற்ற பட்டங்களும், பயின்ற மொழிகளும், சென்று வந்த தேசங்களும் அதே வரிசையில் அடுக்கப்படுகின்றன. வெல்லப்பட்ட நாட்டில் உழுதுகொண்டிருந்தவன் என்ன ஆனான் என்று கல்வெட்டு கூறுவதில்லை. பட்டம் பெற்றவர் பிறந்த ஊரில் பள்ளிக்கூடம் எவ்வாறிருந்தது, அவர் நடந்த வழியில் அவருக்குப் பின் எத்தனை பேர் நடக்க முடிந்தது என்று வாழ்க்கைக் குறிப்பும் கூறுவதில்லை. நினைவு மலர்கள் வெளிவருகின்றன. நூற்றாண்டு விழாக்கள் நடைபெறுகின்றன. மதிப்பீடு ஒன்று மட்டும் நடைபெறாமற் போகிறது.

சர்வதேசக் கல்வித் துறையிலும் பொதுப்பணியிலும் பெயர் பெற்ற தமிழரைப் பற்றிய எழுத்துகளில் இக்குறை பன்மடங்காகிறது. ‘உலகப் புகழ்’ என்ற சொல் வந்தவுடனே நம் விமரிசகர் பேனாவை மூடிவிடுகின்றனர். பிறநாட்டார் ஏற்றுக்கொண்ட ஒருவரை நாம் எடைபோடுவதா என்ற கூச்சம் அவர்களைத் தடுக்கிறது போலும். அடிமைக் காலத்தில் ஊறிய கூச்சம் அது. அதை உதறிவிட்டே இங்கு நாம் ஒரு பெரியவரின் வாழ்க்கைப் பணியை ஆராயத் தொடங்குகிறோம். அவர் சேவியர் தனிநாயகம் அடிகளார். யாழ்ப்பாணத் தீவகத்தைச் சேர்ந்த ஊர்காவற்றுறைப் பகுதியிலே, கரம்பொன்னில், 1913 ஆகஸ்ட் 2 அன்று பிறந்தவர். 1980 செப்டெம்பர் 1 அன்று மறைந்தவர். தமிழாய்வை உலக அரங்கில் நிலைநாட்டியவர்களுள் அவரை முன்னணியில் வைத்து எண்ணுவோரோடு நமக்குப் பிணக்கில்லை. அப்பணி யாருடைய தோள்மீது ஏறி நின்றது, யாருக்குப் பயன்பட்டது, யாரை எட்டாமற் போயிற்று என்பனவே நம் கேள்விகள்.

தீவகமும் கல்வியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கடலிற் சிதறிக் கிடக்கும் தீவுகளை நம் வாசகர்களுள் ஒரு சாரார் கண்டிருப்பர். ஏனையோர் பெயரளவிலேனும் அறிவர். வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, எல்லாவற்றுக்கும் அப்பால் நெடுந்தீவு. சுண்ணாம்புக்கல் நிலம், ஆறு கிடையாது. மழைநீர் மண்ணுக்கடியில் மெல்லிய படலமாய்த் தேங்கி நிற்கும். அதிகம் இறைத்தால் உவர் ஏறிவிடும். நெடுந்தீவிலே பவளக்கற்களை அடுக்கி மக்கள் வேலி கட்டியிருக்கின்றனர். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அங்கே குதிரை வளர்த்தார்கள். அவற்றின் வழிவந்த குதிரைகள் இன்றும் அங்கே திரிகின்றன. பனையும் புகையிலையும் மீனும் தந்த வருவாயைக் கொண்டு தீவார் வாழ்ந்தனர். அது போதாதபோது கடல் கடந்தனர்.

ஊர்காவற்றுறை பழைய துறைமுகம். பாய்க்கப்பல் காலத்தில் அங்கே வணிகம் செழித்தது. காலம் மாறிக் கப்பல்கள் கொழும்பை நாடியதும், தீவார் தாமே புறப்பட்டனர். தென்னிலங்கை நகரங்களிலே கடை வைத்தனர். மலாயா ரயில்வேயிலும் கந்தோர்களிலும் எழுதுவினைஞராயினர். புகையிலையை ஏற்றி அனுப்பியதுபோல் படித்த பிள்ளையையும் ஏற்றி அனுப்பும் வழக்கம் ஊன்றிற்று. கல்வி, ஊரைச் சீர்படுத்தும் கருவியாக இருப்பதற்கு மாறாக, ஊரைவிட்டு வெளியேறும் படகுச் சீட்டாயிற்று. வேலணையில் பிறந்த சேர் வைத்திலிங்கம் துரைசுவாமி 1936 முதல் 1947 வரை அரசுச் சபையின் சபாநாயகராக வீற்றிருந்தார் என்பதைத் தீவகத்தார் பெருமையோடு சொல்வர். பெருமைதான். ஆனால் ஏணியின் உச்சியில் ஒருவர் நிற்பதைக் காட்டி, ஏணியே கிடைக்காதவர்களை மறக்கச் செய்வது நம் மேட்டுக்குடியினரின் பழைய தந்திரம்.

ஏணி எல்லோருக்கும் கிடைக்கவில்லை. மிஷன் பள்ளிகளும் சைவப் பள்ளிகளும் கல்வி தந்தன. அதை மறுப்பது நன்றிகேடு. ஆயினும் ஆங்கிலக் கல்விக்குக் கட்டணம் இருந்தது. தமிழ்ப் பள்ளியிலோ சாதி இருந்தது. ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் வாங்கில் சமமாக அமர்வதற்குக்கூடப் போராட வேண்டியிருந்த சமூகம் இது. 1945 இல் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்ததும், 1960 இலும் 1961 இலும் உதவி பெறும் பள்ளிகளை அரசு பொறுப்பேற்றதும் கதவுகளை ஓரளவு திறந்தன. அடிகளார் படித்த காலம் இவற்றுக்கெல்லாம் முந்தியது. ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரி, யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி, கொழும்பில் குருமடம், பின்னர் 1934 முதல் 1939 வரை உரோமாபுரி என்ற அவரது வழி, திருச்சபை விரித்த வழி. அக்காலத்தில் தீவகத்துச் சிறுவன் ஒருவன் உலகத்தை எட்டுவதற்கு வேறு வழிகள் மிகச் சிலவே. இதை நாம் குற்றமாகக் கூறவில்லை. வரலாறு அவ்வாறிருந்தது என்கிறோம்.

அவர் சூடிக்கொண்ட பெயரும் கருதத்தக்கது. தந்தை வழியில் நெடுந்தீவோடு தொடர்புடையவர் அவர். அத்தீவின் பழைய தலைவர் எனப் போற்றப்படும் தனிநாயக முதலியின் பெயரையே தமக்கு இட்டுக்கொண்டார் என்பர். உரோமாபுரியில் பட்டம் பெற்ற ஒருவர் தம் ஊர் வேரைத் தேடி வந்தது உவகை தருவது. அவ்வேர் ஒரு முதலியிடம் போய் நின்றதையும் உடன் குறித்துக்கொள்வோம்.

தமிழை நாடிய பாதை

அடிகளாரின் தமிழ்ப் பற்று பிறவியிலேயே பொங்கி வழிந்தது என்று எழுதுவோர் உளர். உண்மை அதனினும் சிறந்தது. ஆங்கிலமும் இலத்தீனும் பயின்று தேர்ந்த பிறகே, முப்பது வயதை அண்மிய காலத்தில், அவர் சங்க நூல்களை முறையாகக் கற்கத் தொடங்கினார். 1940 முதல் 1945 வரை திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தபோதுதான் அது நிகழ்ந்தது. வடக்கன்குளம், தேவாலயத்துக்குள்ளேயே சாதிக்கொரு பக்கமாகச் சுவர் எழுப்பியிருந்த ஊர். 1910 இல் அச்சுவர் இடிக்கப்பட்டதும் வழக்கு மன்றம் வரை போன ஊர். அங்கிருந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்று, 1945 முதல் 1949 வரை மாணவராய் அமர்ந்து முதுகலைப் பட்டமும் ஆய்வுப் பட்டமும் பெற்றார். உரோமாபுரிப் பட்டத்தைக் கையில் வைத்திருந்த ஒரு குருவானவர், வயதில் இளைய மாணவரோடு சேர்ந்து மறுபடியும் பாடம் கேட்டார். நம் ஆசிரியர்களும் மாணவர்களும் நினைவில் வைக்க வேண்டிய செய்தி, அவர் எத்தனை மொழி அறிந்தார் என்பதைக் காட்டிலும் இதுவே.

1952 இல் ‘தமிழ் கல்ச்சர்’ என்ற ஆங்கிலக் காலாண்டிதழை அவர் தொடங்கினார். அதே ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித் துறை விரிவுரையாளரானார். பின்னர் பண்டைத் தமிழ் இலக்கியத்திற் காணும் கல்விச் சிந்தனைகளைப் பற்றி இலண்டனில் ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார். ‘தமிழ்த் தூது’, ‘ஒன்றே உலகம்’ என்னும் தமிழ் நூல்கள் அவரது பயணங்களின் விளைவு.

‘தமிழ் கல்ச்சர்’ இதழின் தேவையை இன்றைய மாணவர் உணர்வது கடினம். அக்காலத்தில் இந்தியப் பண்பாடு என்றால் சமஸ்கிருதம் என்றே மேனாட்டுப் பல்கலைக்கழகங்கள் கருதின. தமிழைப் பற்றித் தமிழிலேயே எழுதிக்கொண்டிருந்த நம் புலவர்களின் குரல் அங்கே எட்டவில்லை. அந்த மதிலில் வாயிற்கதவு ஒன்றை அமைத்தது இவ்விதழ். மதிலுக்கு அப்பாலிருந்தவர்களுக்கு அது பயன்பட்டது. மதிலுக்கு இப்பாலிருந்த நெடுந்தீவுப் பள்ளியாசிரியருக்கு? அவருடைய கையில் அந்த ஆங்கில இதழ் சேரவுமில்லை. அதில் வந்தவற்றைச் சாரமாக்கித் தமிழில் அவருக்குத் தரும் ஏற்பாடும் உண்டாகவில்லை. தூதன் ஒருவனுக்கு இரு கடமைகள் உண்டு: தன் நாட்டுச் செய்தியைப் பிறநாட்டுக்குச் சொல்லுதல், பிறநாட்டில் கண்டதைத் தன் நாட்டாருக்கு மீட்டு வந்து சொல்லுதல். முதற் கடமைக்கு ஓர் இதழும் மாநாடுகளும் அமைந்தன. இரண்டாவதற்குச் சில பயண நூல்களே அமைந்தன.

நெய்தல் நிலமும் நெய்தல் மக்களும்

அடிகளாரின் ஆராய்ச்சி நூல்களுள் சிறந்தது சங்கக் கவிதையில் இயற்கை பெறும் இடத்தைப் பற்றியது. 1950-களில் வெளிவந்து, 1966 இல் ‘லாண்ட்ஸ்கேப் அண்ட் பொயட்ரி’ என்ற பெயரோடு மறுபதிப்பாயிற்று. கிரேக்க, இலத்தீன் கவிஞரோடு நம் சங்கப் புலவரை ஒப்பிட்டு, இயற்கையும் மனித உணர்வும் ஐந்திணை மரபில் இணையும் பாங்கை அந்நூல் விளக்குகிறது. ஒப்பியல் நோக்கு நம்மிடையே அரும்பியிருந்த காலத்தில் அது செய்த உதவி பெரிது. தமிழே உலகில் முதல் என்று மார்தட்டும் கூச்சலுக்கு நடுவே, நிதானமாகச் சான்று காட்டிப் பேசிய நூல் அது.

ஆயினும் அந்நூலின் பார்வைக்கு ஓர் எல்லை உண்டு. நிலம் அதில் பெரிதும் காட்சியாகவும் உணர்வின் பின்னணியாகவும் நிற்கிறது; உழைக்கும் களமாக முன்வருவதில்லை. நெய்தலை எடுத்துக்கொள்வோம். நற்றிணையில் ஒரு பாட்டு உண்டு. தேரேறி வந்த செல்வன் ஒருவன் மீனவப் பெண்ணை நாடி நிற்கிறான். தோழி அவனை மறுக்கிறாள். இவள் கடலோடிகளின் மகள், நீயோ பெருநகரத்துச் செல்வன் மகன். உலரும் மீனுக்குக் காவலாய்ப் பறவை ஓட்டும் எங்கள்மீது மீன் வாடை வீசும், எட்டி நில். எங்கள் குடியிலும் உயர்ந்தோர் உளர் என்று அவள் கூறுவதாகப் பாட்டு செல்கிறது. இதை இயற்கைக் கவிதை என்று மட்டும் படிக்க முடியுமா? உழைப்பையும் அதன் நாற்றத்தையும் தலைநிமிர்ந்து எடுத்துச் சொல்லும் ஒரு வர்க்கத்தின் குரல் அதில் ஒலிக்கிறது. கரம்பொன்னிலும் நயினாதீவிலும் இன்றும் கருவாடு உலர்த்தும் பெண்ணுக்கு அந்தப் பாட்டை வாசித்துக் காட்டினால் உரையாசிரியர் உதவி அவளுக்கு வேண்டியிராது.

திணை என்பது நிலத்தோடு மட்டுமன்றி, அந்நிலத்தில் மக்கள் பொருள் உற்பத்தி செய்த முறையோடும் பிணைந்தது என்பதைப் பின்வந்த ஈழத்து ஆய்வாளர்கள் விரித்துக் காட்டினர். பர்மிங்காமில் ஜோர்ஜ் தொம்சனிடம் பயின்ற க. கைலாசபதி, 1968 இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் சங்கப் பாடல்களை வீரயுகச் சமுதாயத்தின் வாய்மொழி மரபில் வைத்து ஆராய்ந்தார். கா. சிவத்தம்பி திணைக் கோட்பாட்டை ஆதித் தென்னிந்தியப் பொருளாதாரத்தின் சமனற்ற வளர்ச்சியோடு பொருத்தினார். இவ்விருவரும் அடிகளாரின் வழியை மறுத்தவர் எனச் சிலர் கூறுவர். அவர் ஒப்பியல் நோக்கால் திறந்துவிட்ட பரப்பில்தான் இவர்களும் நடந்தனர். அவர் நின்ற இடத்துக்கு அப்பாலும் நடந்தனர். முன்னோடியைத் தாண்டிச் செல்வதே முன்னோடிக்குச் செய்யும் உயர்ந்த மரியாதை என்பது நம் கருத்து.

ஓரிடத்தில் அடிகளாரின் தேடலே அவரது அழகியலைக் கடந்து சென்றது. ஐரோப்பிய நூலகங்களில் அவர் தேடிய பழைய தமிழ் அச்சு நூல்களைக் கருதுகிறோம். 1554 இல் லிஸ்பன் நகரில் உரோம எழுத்தில் அச்சான தமிழ் மறைக்கல்வி நூல், அன்றீக்கு அடிகளார் பதினாறாம் நூற்றாண்டில் தமிழெழுத்தில் அச்சிட்ட நூல்கள், வத்திக்கான் நூலகத்தில் கிடந்த புரோயன்சாவின் 1679 ஆம் ஆண்டுத் தமிழ்-போர்த்துக்கேய அகராதி ஆகியவற்றை அவர் ஆய்வுலகின் கவனத்துக்குக் கொணர்ந்தார். அவ்வகராதி 1966 இல் கோலாலம்பூரில் அவரது முயற்சியால் மறுபதிப்புப் பெற்றது. இந்நூல்களின் பெருமதிப்பு எங்கேயுள்ளது? அன்றீக்கு அடிகளார் மதுரைப் புலவருக்காக எழுதவில்லை. முத்துக்குளிக்கும் கரையிலே வாழ்ந்த பரதவருக்காக எழுதினார். லிஸ்பன் நூலை ஆக்கியோருள் போர்த்துக்கேயப் பெயர் தாங்கிய மூன்று தமிழர் இருந்தனர். கடற்கரை மக்களின் பேச்சுத் தமிழே இந்திய மொழிகளுள் முதன்முதல் அச்சேறிற்று. நம் புலவர்கள் இழிசனர் வழக்கென ஒதுக்கிய மொழி அது. ஊர்காவற்றுறையில் பிறந்தவர் அதனைத் தேடிக் கண்டது பொருத்தமே. அந்தக் கண்டுபிடிப்பின் சமுதாயப் பொருளை அவர் ஆங்கிலத்தில் அறிஞருக்குச் சொன்னார். பரதவரின் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் வேலையை நமக்கு விட்டுச் சென்றார்.

ஒரு வெள்ளியின் கதை

1961 முதல் 1969 வரை அடிகளார் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறையை வழிநடத்தினார். அவரது சர்வதேசப் பணியின் உச்சம் இதுவே. ‘தமிழாய்வு வழிகாட்டி’ எனத்தக்க நூற்பட்டியலை 1966 இல் வெளியிட்டதும், உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டியதும் இக்கதிரையில் இருந்துகொண்டுதான். ஆகவே அந்தக் கதிரையின் வரலாற்றை நாம் அறிந்திருக்க வேண்டும்.

அத்துறையில் எம்மொழிக்கு முதலிடம் என்ற கேள்வி 1950-களின் தொடக்கத்தில் எழுந்தது. சமஸ்கிருதத்துக்கே முதலிடம் தர வேண்டுமென்று பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் பரிந்துரைத்தார். மலாயாத் தமிழர் கொதித்தெழுந்தனர். சிங்கப்பூர் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். ஆளுக்கொரு வெள்ளி கேட்டார். ரப்பர் தோட்டத்துப் பால்மரத் தொழிலாளியும் துறைமுகக் கூலியாளும் தம் நாட்கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்தனர். அத்துறையில் தமிழ் நிலைத்தது. அந்நிதியால் தமிழ் நூல்கள் அதன் நூலகத்தில் ஏறின.

கொடுத்தவர்களுள் பல்கலைக்கழக வாசலை மிதித்தோர் எத்தனை பேர்? தோட்டப் பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு அரிவாளோடு மரத்தடிக்குப் போனவர்கள் அவர்கள். சிலர் அதுவும் படியாதவர்கள். தம் பிள்ளைக்கே எட்டாத ஒரு கதிரைக்காக வெள்ளி கொடுத்தார்கள் எனில், மொழி அவர்களுக்கு வெறும் பண்பாட்டு அணிகலன் அல்ல என்பது தெளிவு. தாம் மனிதராக மதிக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கையை அவர்கள் மொழியின் பெயரால் எழுப்பினர். சர்வதேசக் கல்வித் தலைவர் ஒவ்வொருவரும் இத்தகைய கடனாளிகளே. அடிகளார் இக்கடனை மறந்தவரென்று நாம் கூறோம். மலேசிய மாணவர் பலர் அவரது துறையிலிருந்து ஆசிரியராகவும் ஆய்வாளராகவும் வெளிவந்தனர். ஆனால் அவருடைய புகழைப் பாடும் மலர்களில் அந்த ஒரு வெள்ளிக்கு ஒரு பக்கம் ஒதுக்கப்படவில்லையானால், அம்மலர்கள் பாதிக் கதையையே சொல்கின்றன.

மாநாட்டு மேடையும் மக்கள் வீதியும்

1964 ஜனவரியில் புதுடில்லியில் கீழைத்தேயவியலாளர் மாநாடு கூடியபோது, அதன் ஓரமாகச் சில அறிஞர் அமர்ந்து அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை நிறுவினர். வ. ஐ. சுப்பிரமணியமும் அடிகளாரும் அதற்கு முன்னின்றனர். பிரான்சின் ழான் பிலியோசா தலைவரானார். செக் நாட்டுக் கமில் சுவலபிலும் அடிகளாரும் செயலாளராயினர். பனிப்போர் உலகை இரண்டாகப் பிளந்திருந்த நாளில் மேற்கு ஐரோப்பியரையும் சோஷலிஸ நாட்டவரையும் ஒரே மேசையில் தமிழின் பெயரால் அமர்த்தியது சிறிய சாதனையன்று. 1966 ஏப்ரலில் கோலாலம்பூர், 1968 ஜனவரியில் சென்னை, 1970 இல் பாரிஸ், 1974 ஜனவரியில் யாழ்ப்பாணம் என மாநாடுகள் தொடர்ந்தன.

இவ்வாண்டுகளையே வேறொரு நாட்குறிப்பில் பார்ப்போம். கோலாலம்பூரில் மாநாடு கூடிய 1966 ஆம் ஆண்டின் அக்டோபர் 21 அன்று, தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி மக்கள் ஊர்வலம் புறப்பட்டது; பொலிசார் அதைத் தாக்கினர். சென்னையில் மாநாடு கூடி, கடற்கரையில் தமிழ்ப் பெரியோருக்கும் மேனாட்டுத் தமிழ்த் தொண்டருக்கும் சிலைகள் எழுந்த 1968 ஆம் ஆண்டில், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் தமிழரே தமிழரை உள்ளே விடாது மறித்தனர். அதே ஆண்டு டிசம்பர் 25 இரவு தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், குடிசையில் வைத்து எரிக்கப்பட்டனர். 1971 இல் புங்குடுதீவிலே ஒடுக்கப்பட்ட மக்களின் நன்னீர்க் கிணற்று உரிமைக்காகப் போராடிய எழுத்தாளர் மு. தளையசிங்கம் பொலிசாரால் தாக்கப்பட்டார். 1973 இல் அவர் மறைந்தார். கரம்பொன்னுக்கும் புங்குடுதீவுக்கும் இடையே எத்தனை மைல்?

இந்நிகழ்ச்சிகளுக்கு அடிகளார் பொறுப்பாளி என்று எவரும் கூறார், நாமும் கூறவில்லை. ‘ஒரு குருவானவரிடமும் இலக்கிய ஆய்வாளரிடமும் போய் வர்க்கப் போராட்டத்தைத் தேடுவதா?’ என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. நம் விடை இது: ஒருவரிடம் இல்லாததைக் கேட்பது விமரிசனமாகாது, ஒருவர் தாமே முன்வைத்த கொள்கையைக் கொண்டு அவர் பணியை அளப்பது விமரிசனம். உலகமெல்லாம் ஓர் ஊர் என்ற கணியன் பூங்குன்றனாரின் கருத்தைத் தம் வாழ்வின் கொடியாக அவர் உயர்த்தினார். ‘ஒன்றே உலகம்’ என்று நூலுக்கே பெயரிட்டார். உலகம் ஒன்று என்போர், ஊரும் ஒன்று என்று நிலைநாட்டும் கடமைக்குக் கட்டுப்பட்டவராகின்றனர். ஓர் ஊரில் இரண்டு கிணறு இருக்கும்வரை அந்தக் கொடி அரைக் கம்பத்திலேயே பறக்கிறது. தமிழரின் தொன்மை பற்றிப் பல அமர்வுகள் நடந்த அம்மாநாடுகளில், தமிழரின் இன்றைய வாழ்வு அந்த அளவுக்கு ஆய்வுப் பொருளாகவில்லை. குறை தனியொருவருடையதன்று, பண்பாட்டை ஏட்டிலும் கல்லிலும் மட்டும் தேடிய ஒரு தலைமுறையின் குறை.

மறுபுறம், பண்பாட்டுப் பணி அரசியலுக்கு அப்பாற்பட்டது என்று எண்ணியோருக்கும் வரலாறு விடை சொல்லிற்று. 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது, மொழியுரிமையைப் பற்றி அடிகளார் வெளிப்படையாகப் பேசினார், எழுதினார். நடுநிலை என்ற போர்வையில் ஒளிந்துகொள்ளவில்லை. நான்காம் மாநாட்டைக் கொழும்பில் நடத்துவதா யாழ்ப்பாணத்தில் நடத்துவதா என்பதே பெரும் பிணக்காயிற்று. இறுதியில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமையில் அது யாழ்ப்பாணத்தில் நடைபெற்றது. ஆய்வரங்குகள் முடிந்து, 1974 ஜனவரி 10 இரவு வீரசிங்கம் மண்டபத்தின் முன் பொதுக்கூட்டத்துக்கு மக்கள் திரண்டிருந்தவேளை பொலிசார் கூட்டத்துட் புகுந்தனர். மின்கம்பி அறுந்து வீழ்ந்தது. ஒன்பது பேருக்குக் குறையாதோர் உயிரிழந்தனர். அவர்கள் ஆய்வுக் கட்டுரை படிக்க வந்தவர்களல்லர். தம் மொழிக்கு விழா என்று கேட்டு வந்த எளியவர்கள். மலாயாத் தொழிலாளி வெள்ளி கொடுத்தான். யாழ்ப்பாணத்து ஏழை உயிர் கொடுத்தான். அறிஞர் மாநாடுகளுக்குப் பொதுமக்கள் செலுத்திய விலையை இவ்வாறே நாம் கணக்கிட வேண்டியிருக்கிறது. முற்போக்கு முகாமைச் சேர்ந்த அறிஞர் சிலர் அம்மாநாட்டிலிருந்து விலகி நின்றனர். அவர்களுடைய காரணங்கள் எவையாயினும், மக்கள் திரளும் இடத்தில் நாம் இல்லாதிருப்பது நன்றன்று என்ற பாடத்தையும் அந்த இரவு தந்தது.

பின்வந்த மாநாடுகள் அரசாங்க விழாக்களாயின. 1995 இல் தஞ்சாவூர் மாநாட்டுக்குச் சென்ற பேராசிரியர் சிவத்தம்பி உள்ளிட்ட ஈழத்து அறிஞர் திருப்பியனுப்பப்பட்டனர். ஈழத்துத் தீவொன்றில் பிறந்தவர் தோற்றுவித்த மாநாட்டில் ஈழத்தவருக்கே இடமில்லை! உலகம் ஒன்றென்ற கொள்கைக்கு அதிகாரம் எழுதிய உரை அது.

எஞ்சியிருக்கும் கடன்

அடிகளார் மறைந்தபின் தீவகம் பட்ட பாட்டை விரித்துரைக்க ஏடு போதாது. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகில் குழந்தைகள் உட்பட 20 பேருக்கு மேல் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1990 இல் இராணுவம் தீவுகளைக் கைப்பற்றியபோது மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். பலர் கனடாவிலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் போய்க் குடியேறினர். தீவார் இன்று, அடிகளார் தம் பயணங்களிற் கண்ட நாடுகளிலெல்லாம் வாழ்கின்றனர். அவர் தூதராகச் சென்ற இடங்களுக்கு இவர்கள் அகதிகளாகச் சென்றனர்.

புலம்பெயர்ந்தோரின் உழைப்பு மறுபடியும் கதிரைகளை உண்டாக்குகிறது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்கு வேண்டிய 60 இலட்சம் அமெரிக்க டொலர் 2018 இல் சேர்ந்தது; ரொறன்ரோப் பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்கு 30 இலட்சம் கனேடிய டொலர் 2021 இல் நிறைந்தது. உணவகத்தில் பாத்திரம் கழுவியவரின் காசும், தொழிற்சாலையில் இரவு முறை பார்த்தவரின் காசும் அதில் உண்டு. ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதியின் கதை வேறு நாணயத்தில் மீண்டும் எழுதப்படுகிறது. இவ்விருக்கைகளை நாம் வரவேற்கிறோம். ஆனால் இம்முறையேனும் அந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டுவைப்போம்: அங்கே அமரப் போகின்றவர், தம்மை அமர்த்தியவர்களின் பிள்ளைகளுக்கு என்ன தரப் போகிறார்? அங்கே எழுதப்படுவது எம்மொழியில், எவ்விலையில், எத்தனை ஆண்டுகளுக்குள் நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்தை எட்டும்?

ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நம் வாசகர்கள் செய்யக்கூடியவை சில உள. ‘தமிழ் கல்ச்சர்’ இதழ்களில் உறங்கும் நல்ல கட்டுரைகளை எளிய தமிழில் ஆக்கி மலிவுப் பதிப்பாக வெளியிடலாம். தமிழ்ச் சொற்களை ஒரு போர்த்துக்கேயர் தொகுத்த அகராதி 1679 இல் அச்சேறிற்று. தீவகத்துக் கடற்றொழிலாளரின் சொற்களை, வலையின் வகை, காற்றின் பெயர், நீரோட்டத்தின் குறி எல்லாவற்றையும், முதியோர் மறையுமுன் தொகுத்து வைக்க நம் மாணவருக்கு எந்த வத்திக்கானும் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும் படகுக் கட்டணமும் போதும். தீவுப் பள்ளிக்கு மாற்றலானால் அதைத் தண்டனையாகக் கொள்ளும் மனப்பான்மையை ஆசிரியர்கள் கைவிட வேண்டும். ஊர்காவற்றுறைப் பள்ளியில் யாரோ சில ஆசிரியர் சலியாமல் பாடம் சொன்னதனால்தானே ஒரு தனிநாயகம் உரோமாபுரி வரை போனார்?

பெரியோரை வியந்து போற்றுவதும் தவறு, சிறியோரை இகழ்வது அதனினும் தவறு என்பது நம் பழைய அறம். அடிகளாரைத் தெய்வமாக்குவோர் அவரைப் பின்பற்றும் பொறுப்பிலிருந்து தப்பிக்கொள்கின்றனர். அவரை ஒதுக்கித் தள்ளுவோர் அவர் திறந்த வாயிலை மீண்டும் அடைக்கின்றனர். தமிழை உலகுக்குக் கொண்டுசென்ற பணியை அவர் தம் காலத்துக்குள் முடித்துச் சென்றார். உலகறிந்த அத்தமிழையும், அதனால் வரும் அறிவையும் மதிப்பையும், அதற்காக வெள்ளியும் உயிரும் கொடுத்த மக்களிடம் திருப்பிச் சேர்க்கும் பணி முடியவில்லை. அது நம்முடையது.